சின்ன சுறாதானே!

சௌராஸ்தா, ஆயர் ஈத்தாம், பாயான் பாரு என்று பினாங்கில் எந்த மார்க்கெட்டாக இருந்தாலும் சரி, சுறா கிடக்கும் மேசைக்கு முன்னால் நம்மவர்கள் நடத்தும் பேச்சு ஏறக்குறைய ஒன்றுதான். "அண்ணே, மருமவ பிள்ளை பெத்திருக்கா. பால் சுறா இருக்கா?" "இருக்குக்கா. பெருசு வேணாம், இந்தச் சின்னத எடுத்துக்குங்க, இளசா இருக்கும்." "கவிச்சி அடிக்காதுல்ல?" "சின்ன சுறாதானே, என்ன கவிச்சி?" பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு கொடுத்தால் பால் ஊறும் என்பது நம்மவர்கள் நம்பிக்கை. அவ்வளவுதான். மீன்காரர் துடுப்பை நறுக்கி, துண்டு போட்டு, பையில் கட்டிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார்.

இதில் உறுத்துவது ஒன்றே ஒன்று. சின்னது என்றதும் ஆளுக்கொரு முடிவுக்கு வந்துவிடுகிறோம். வாங்குகிறவருக்குச் சின்னது என்றால் இளசு, கறி மெத்தென்று இருக்கும். விற்கிறவருக்குச் சின்னது என்றால் வில்லங்கம் இல்லாதது, சீக்கிரம் போய்விடும். சுற்றுச்சூழல் அக்கறையுள்ள இளைஞர் ஒருவர் படம் எடுத்துப் போட்டு, 'பச்சைக் குட்டிகளைக் கொல்கிறார்கள்' என்று கொதிக்கிறார். அதற்குப் பதில் எழுதுகிறவரோ, 'பெருசைப் பிடிக்காதவரை பரவாயில்லை' என்று சமாதானம் சொல்கிறார். நான்கு பேருமே நீளத்தைப் பார்த்து வயதைச் சொல்கிறார்கள். சுறாவிடம் அந்தக் கணக்கு எடுபடாது. அரை மீட்டர் நீளமுள்ள சுறா பலமுறை பெற்றெடுத்த தாயாகவும் இருக்கலாம், பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத சிசுவாகவும் இருக்கலாம். இரண்டும் ஒரே ஐஸ் மேல், ஒரே விலை அட்டைக்குக் கீழே கிடக்கும். எது எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் சுறா ஆராய்ச்சியின் அரிச்சுவடி.

கடல் உயிரியல் படிக்க ஆசைப்படும் பிள்ளைகள் மனத்தில் பெரும்பாலும் இருப்பது சிப்பாடான், பெர்ஹெந்தியான் பக்கத்துத் தெளிந்த தண்ணீர். பினாங்குக் கடல் அப்படியல்ல. மூடா ஆறும் பிறை ஆறும் கொண்டுவந்து கொட்டும் வண்டலில், நீட்டிய கை கண்ணுக்குத் தெரியாத நாள்கள் ஏராளம். முக்குளித்துச் சுறா பார்க்கும் கதையெல்லாம் இங்கே நடக்காது. வலை எதைக் கொண்டுவருகிறதோ அதை வைத்துத்தான் கடலைப் படிக்க முடியும். மலேசியாவில் சுறாவை மட்டும் குறிவைத்துப் போகும் படகுகள் அரிது. இழுவலையில் மற்ற மீனோடு சேர்ந்து ஏறுவதுதான் பெரும்பங்கு. ஆகவே பத்து மாவுங், தெலுக் பஹாங், அக்கரையில் குவாலா மூடா என்று படகு அணையும் இடங்களும், விடிந்தும் விடியாததுமாக நிறையும் மார்க்கெட் மேசைகளும்தான் இங்குள்ள சுறா ஆய்வுக்கூடங்கள். அரசின் புள்ளிவிவரத்தில் நெடுங்காலம் எல்லாச் சுறாவும் 'யூ', எல்லாத் திருக்கையும் 'பாரி' என்று இரண்டு வரியில் அடங்கிவிட்டன. சுறாவுக்கான தேசியச் செயல்திட்டம் 2006இல் வந்தது, இரண்டாவது 2014இல். அதன்பிறகுதான் மீன்வளத் துறை பேராக்கிலும் சபாவிலும் சில இறங்குதளங்களில் ஒவ்வோர் இனத்தையும் தனித்தனியாக எழுத ஆரம்பித்தது. எந்தச் சுறா குறைகிறது என்று கேட்டால் சட்டென்று யாராலும் பதில் சொல்ல முடியாததற்கு இதுதான் காரணம்.

ஒரே மேசையில் நாலு சாதி

40லிருந்து 55 செ.மீ. வரை நீளமுள்ள சுறாக்கள் ஒரு மேசையில் கலந்து கிடக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கண்ணில் படக்கூடியவை முக்கியமாக நான்கு.

முதலாவது ஸ்கோலியோடான். மூக்கு நீண்டு தட்டையாக இருக்கும், மேலிருந்து பார்த்தால் கூர்முக்கோணம். மார்புத் துடுப்புகள் உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குச் சின்னவை. அடையாளம் உறுதியாக வேண்டுமென்றால் பின்முதுகுத் துடுப்பைப் பாருங்கள். அது மிகச் சிறியது. அடியில் உள்ள குதத் துடுப்பு கிட்டத்தட்ட முடியும் இடத்துக்கு மேலேதான் தொடங்கும். இந்தச் சுறா 35 செ.மீ. வாக்கில் பருவத்துக்கு வந்துவிடும், 70 செ.மீ.யைத் தாண்டுவது அபூர்வம். ஆகவே மேசையில் கிடக்கும் 45 செ.மீ. ஸ்கோலியோடான் முழுவளர்ச்சி அடைந்தது. இதன் முட்டை சுமார் 1 மில்லிமீட்டர்தான், சுறாக்களிலேயே மிகச் சிறியது. அவ்வளவு சிறிய முட்டையில் குட்டிக்குத் தேவையான மஞ்சள்கரு ஏது? அதனால் தாயின் நஞ்சுக்கொடி வழியாகவே குட்டி வளர்கிறது. ஈற்றுக்குப் பத்து, பதினைந்து குட்டிகள்கூட இருக்கும். சுறா இனத்தில் இவ்வளவு வேகமாகப் பெருகுபவை குறைவு.

இரண்டாவது ரைசோபிரியோனோடான் அக்யூட்டஸ். நம்மவர்களும் மீன்காரர்களும் இதையும் முன்னதையும் சேர்த்தே பால் சுறா என்பார்கள். குழப்பம் தீர வாயோரத்தைப் பார்க்க வேண்டும். இதற்கு வாயின் இரு மூலைகளிலிருந்தும் முன்பக்கமாக நீண்ட பள்ளக்கோடு ஓடும், நகத்தால் தடவினாலே தட்டுப்படும். ஸ்கோலியோடானில் அந்தக் கோடு குட்டையானது. இந்த வித்தியாசத்துக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்றால், இது பிறக்கும்போதே 25லிருந்து 39 செ.மீ. வரை இருக்கும், பருவத்துக்கு வர 70 செ.மீ. அளவாவது வளர வேண்டும். ஏறக்குறைய ஓராண்டு சுமந்து, ஈற்றுக்கு 8 குட்டிக்கு மேல் போடாது, பெரும்பாலும் அதற்கும் குறைவுதான். அப்படியானால் 45 செ.மீ. நீளத்தில் முதலாவது தாய், இரண்டாவது இன்னும் குழந்தை. விற்கிறவரைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே சரக்கு.

மூன்றாவது மூங்கில் சுறா. தரையோடு கிடந்து வாழ்வது. மூக்குத் துளையோரம் மீசை தொங்கும், வாய் கண்ணுக்கு முன்னாலேயே முடிந்துவிடும், இரண்டு முதுகுத் துடுப்புகளும் ஏறக்குறைய ஒரே அளவில் பின்தள்ளி இருக்கும். குட்டிகளுக்கு உடம்பைச் சுற்றிக் கருப்புப் பட்டைகள் உண்டு, வளர வளர மங்கிப்போகும். காற்றில் பல மணி நேரம் தாக்குப்பிடிக்கும் உயிர் இது, மேசையில் இன்னும் செவுள் அசைந்துகொண்டிருப்பதைப் பார்க்கலாம். இது முட்டையிடும் வகை. இதிலும் உள்பிரிவு உண்டு. முதுகுத் துடுப்பின் பின்விளிம்பு உள்குழிந்து, அடிநுனி பின்னோக்கி நீட்டிக்கொண்டிருந்தால் கிலோசிலியம் பங்க்டாட்டம். விளிம்பு வெளிவளைந்து, நுனி நீட்டாமல் இருந்தால் ஹசெல்ட்டி. குட்டிப் பருவத்தில் இரண்டுக்கும் பட்டை இருப்பதால் நிறத்தை வைத்துச் சொல்ல முயன்றால் பெரும்பாலும் தப்பாகத்தான் முடியும்.

நான்காவது கொம்பன் சுறா, சுத்தியல் தலைக்காரன். தலை இருக்கும்வரை யாருக்கும் சந்தேகமே வராது. நம் கடலில் அதிகமாக இறங்குவது, நெற்றி விளிம்பு வளைந்து நட்டநடுவே ஒரு வெட்டும் இருபுறமும் அலை அலையான நெளிவுகளும் உள்ள அலைநெற்றிக் கொம்பன். பெண் இரண்டு மீட்டரைத் தாண்டிய பிறகே தாயாகும், அதற்குப் பத்தாண்டுக்கு மேல் ஆகிறது. குட்டி பிறக்கும்போதே 40லிருந்து 55 செ.மீ. வரை இருக்கும். அதாவது மேசையில் மற்ற மூன்றோடும் நீளத்தில் சரிக்குச் சரியாகக் கிடக்கிற கொம்பன், பிறந்த அளவிலிருந்து இன்னும் வளரவே இல்லை. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இந்த இனம் அழிவின் விளிம்பில் உள்ளவற்றோடு நிற்கிறது.

இவற்றைத் தவிர சொர்ரா சுறாக் குட்டிகளும் வரும். மார்புத் துடுப்பு, பின்முதுகுத் துடுப்பு, வாலின் கீழ்நுனி மூன்றிலும் மை தோய்த்த கருப்பு, முன்முதுகுத் துடுப்பில் அது இருக்காது. இதுவும் ஏறக்குறைய 50 செ.மீ.யில் பிறக்கும் இனம்தான்.

தொப்புள்

இனம் தெரியாவிட்டாலும், புத்தகம் கையில் இல்லாவிட்டாலும், மேசை முன்னால் நின்று ஒரு நிமிடத்தில் பச்சைக்குட்டியைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. மீனைத் திருப்பிப் போட்டு நெஞ்சைப் பாருங்கள். இரண்டு மார்புத் துடுப்புகளுக்கும் இடையே, நடுக்கோட்டில், தலைப்பக்கமிருந்து வால் நோக்கி ஓடும் சின்னக் கீறல் இருக்கிறதா? அது கத்திபட்ட காயம் அல்ல, தொப்புள். கொம்பனும் சொர்ராவும் ஸ்கோலியோடானும் நஞ்சுக்கொடியில் வளர்பவை. கொடி அறுந்த இடம் நெஞ்சில்தான் இருக்கும்.

அந்தக் கீறலை மூன்று நிலையாகப் பிரித்து எழுதுவது வழக்கம். வாய் திறந்து, விளிம்பு சிவந்து, சில சமயம் கொடியின் மிச்சம் ஓரத்தில் ஒட்டியிருந்தால் பிறந்து சில நாள்தான் ஆகியிருக்கும். விரல்நுனியால் லேசாக விலக்கினால் உள்ளே பிளவு தெரியும். வாய் மூடி, கோடு மட்டும் தெளிவாகத் தெரிந்தால் வாரக்கணக்கு. கோடு வெளுத்துத் தோலோடு தோலாகி, வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிகிறது என்றால் பிறந்து மாதங்கள் ஆகிவிட்டன. வளர்ந்த ஸ்கோலியோடானில் தேடினாலும் கிடைக்காது. மூங்கில் சுறாவின் நெஞ்சில் இதைத் தேடுவது வீண், அது முட்டையிலிருந்து வந்தது.

நீளத்தை மட்டும் பார்த்துக் கருத்துச் சொல்லிக்கொண்டிருந்த எவருக்கும் பார்வை மாறும் இடம் இந்தத் திறந்த தொப்புள்தான். ஒரே ஐஸ் பெட்டியில் 48 செ.மீ. கொம்பன்கள் வரிசையாகக் கிடந்து, அத்தனையிலும் தொப்புள் திறந்திருக்கிறது என்றால் அது வெறும் மீன்வரவு அல்ல. அந்த வாரம், அந்தப் படகு போன தூரத்துக்குள், எங்கோ ஒரு பேறுகாலம் நடந்திருக்கிறது. தாய்க் கொம்பன் 9லிருந்து 12 மாதம் சுமந்து, ஈற்றுக்கு 12லிருந்து 41 குட்டிவரை போடும், அதுவும் கரையோரக் கலங்கல் நீரில். பெரிய சுறா அங்கே அதிகம் வராது, இறாலும் சிறுமீனும் நிறைய உண்டு. குட்டிகள் அங்கேயே பல மாதங்கள் தங்கும். இழுவலையின் கடைசிப் பையிலுள்ள கண்ணி சட்டப்படி குறைந்தது 38 மி.மீ. இருக்க வேண்டும். மீன்குஞ்சு தப்பட்டும் என்று வைத்த அளவு அது, அரை மீட்டர்ச் சுறாவுக்கு அதில் வழி இல்லை. சந்தையில் திறந்த தொப்புள் எந்த மாதத்தில் தென்படத் தொடங்குகிறது, எந்த மாதத்தில் மறைகிறது, அந்தப் படகுகள் எந்தப் பக்கம் போய்வந்தவை என்று இரண்டு ஆண்டு தொடர்ந்து எழுதினால் போதும், பிள்ளைப்பேறு எங்கே எப்போது என்று சொல்லிவிடலாம். எந்த இடத்தை எந்த மாதத்தில் இழுவலைக்கு மூட வேண்டும் என்ற கேள்விக்கு அதைவிட மலிவான விடை கிடையாது.

இதற்காகக் குட்டியைத் தின்பதே பாவம் என்ற முடிவுக்குத் தாவிவிடவும் கூடாது. மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு சுறா மீன்பிடி பல ஆண்டுகளாகக் குட்டிகளையே குறிவைத்து நடந்தது. அதற்கு ஒரு நியாயம் உண்டு. முதல் ஓரிரு வயதில் எப்படியும் பல செத்துப்போகும், தாயாகக்கூடியவை பெரியவையாகி ஆழம் போனபின் வலையில் படாமல் இருந்தால் இனம் தாங்கிக்கொள்ளும். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தபோது தெரிந்தது, வளர்ந்தவை கொஞ்சம் செத்தாலே அந்த ஏற்பாடு ஆட்டம் கண்டுவிடுகிறது என்று. மலாக்கா நீரிணையில் குட்டிக்கு ஒரு வலை, பெரியதுக்கு இன்னொரு வலை, தூண்டில் வேறு. மூன்று நாட்டுப் படகு ஓடும் கடல். என் கட்சி என்னவென்றால், இங்கே அந்த நியாயம் செல்லாது. ஆனால் செல்லாது என்று சொல்ல, வளர்ந்தவை எத்தனை பிடிபடுகின்றன என்ற எண்ணும் கையில் இருக்க வேண்டும். படம் எடுத்துக் கொதிப்பதில் அது கிடைப்பதில்லை.

டேப்பும் பென்சிலும்

மார்க்கெட் கணக்கெடுப்பில் முதலில் கெட்டுப்போவது நாள் தேர்வு. சுறா வந்திருக்கிறது என்று யாரோ சொல்லி ஓடிப்போய் எழுதினால், எழுதிய நாளில் எல்லாம் சுறா இருக்கும், வராத நாள் நோட்டில் இருக்காது. ஓராண்டு கழித்துப் பார்த்தால் சுறா வற்றாமல் வருவதுபோல் தோன்றும். எந்தெந்த நாள் போவது என்று மாதத் தொடக்கத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும். போன நாளில் ஒன்றுமே இல்லையென்றால் 'இல்லை' என்று எழுத வேண்டும். அந்தச் சுழியம் இல்லாத நோட்டு ஆராய்ச்சிக்கு உதவாது.

இரண்டாவது, மீன் எங்கிருந்து வந்தது. பினாங்கு மேசையில் கிடப்பதெல்லாம் பினாங்குக் கடல் மீன் அல்ல. பெர்லிஸ், பேராக் என்று லோரியில் வருவது உண்டு. மீன்காரரிடம் கேட்டால் சொல்வார், சொல்லாவிட்டால் 'தெரியவில்லை' என்று எழுதுவது, தானே ஊகித்து எழுதுவதைவிட நல்லது. கேட்கும் நேரமும் முக்கியம். கூட்டம் நெரியும் வேளையில் மேசையை மறித்து நின்று கேமராவை நீட்டினால் மறுநாள் பேச்சே இருக்காது. கூட்டம் தணிந்தபின் போய், அரை கிலோ கெம்போங் (கானாங்கெளுத்தி) மீனாவது வாங்கிவிட்டு, "அண்ணே, ஒரு நிமிஷம் அளந்துக்கவா?" என்று கேட்டால் பெரும்பாலும் அவரே பெட்டியை இழுத்து முன்னால் வைப்பார்.

மூன்றாவது, நீளம். மூக்கு நுனியிலிருந்து வால் மேல்நுனிவரை அளப்பதில்தான் பாதிப் பேர் தடுமாறுகிறார்கள். சுறாவின் வால் மேல்நோக்கி வளைந்தது. அப்படியே விட்டு அளந்தால் ஒரு நீளம், மேல்நுனியை உடம்புக்கோட்டுக்கு இழுத்து நேராக்கி அளந்தால் இன்னொன்று. சின்னச் சுறாவிலேயே ஓரிரு செ.மீ. வித்தியாசம் வரும். எது வேண்டுமானாலும் சரி, எல்லா மீனுக்கும் அதையே செய்து, எப்படி அளந்தோம் என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட வேண்டும். வால் வெட்டிவிட்ட மீனுக்காக வாலடிப் பள்ளம்வரையுள்ள நீளத்தையும் சேர்த்து எடுத்து வைத்தால் பிறகு ஒன்றிலிருந்து மற்றதைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். டேப்பை உடம்பின் வளைவு மேல் போடக் கூடாது, பக்கத்தில் மேசை மேல் நேராகப் போட வேண்டும். திருக்கைக்கு வால் நீளம் வேண்டாம், அது பெரும்பாலும் அறுந்திருக்கும். இறக்கை விளிம்புக்கு விளிம்பு அகலம் போதும்.

பிறகு ஆணா பெண்ணா என்பது. ஆண் சுறாவின் அடித்துடுப்புகளின் உட்புறத்தில் இரண்டு குழல்கள் இருக்கும், கிளாஸ்பர் என்பது அதுதான். துடுப்பு விளிம்பைத் தாண்டாமல், அமுக்கினால் துவண்டு கொடுத்தால் இன்னும் பருவம் வரவில்லை. நீண்டு, உள்ளே சுண்ணாம்பு ஏறி விறைத்து, முன்பக்கமாகத் திருப்பினால் எளிதில் திரும்பினால் வளர்ந்தது. 40 செ.மீ. ஸ்கோலியோடான் ஆணுக்கும் 50 செ.மீ. கொம்பன் ஆணுக்கும் அடுத்தடுத்து இதைச் சோதித்துப் பார்த்தால் போதும், நீளமும் வயதும் வேறு வேறு என்பது கையாலேயே விளங்கிவிடும். பெண்ணுக்கு வெளியே அடையாளம் இல்லை, வயிறு திறக்கும்போது பக்கத்தில் நிற்க வேண்டும். பருவம் வராத கருப்பை நூலாக ஓடும், வந்தது பட்டையாக அகன்றிருக்கும். குட்டி இருந்தால் இடம் எத்தனை, வலம் எத்தனை, ஆண் எத்தனை, பெண் எத்தனை, மஞ்சள்கருப் பை மிச்சமிருக்கிறதா என்று தனித்தனியாக எழுத வேண்டும். இங்கே ஒரு பொறி உண்டு. குட்டிபோடும் சுறாவும் திருக்கையும் வலையில் சிக்கிய அதிர்ச்சியில் படகிலேயே குட்டிகளைத் தள்ளிவிடும். கருப்பையில் மூன்று குட்டி இருந்தது என்பதால் ஈற்றுக்கு மூன்றுதான் என்று எழுதிவிடக் கூடாது. சுவர் தொய்ந்து, வெற்றிடம் தெரிந்தால் 'குறைந்தது மூன்று' என்பதே சரி.

வயதே வேண்டும் என்றால் முதுகெலும்பு எடுக்க வேண்டும். மற்ற மீன்களுக்குக் காதுக்கல் போதும், சுறாவுக்கு அது உதவாது. முன்முதுகுத் துடுப்புக்குக் கீழிருந்து ஐந்தாறு எலும்பு எடுத்து, சதை நீக்கி, அரை மில்லிமீட்டர் கனத்துக்கு வைர ரம்பத்தால் சீவி, உருப்பெருக்கியில் வளையங்களை எண்ண வேண்டும். வெப்பக் கடலில் பருவமாற்றம் மெல்லியது என்பதால் வளையம் மங்கலாகவே விழும். இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி ஒப்பிடாத வயதை நம்ப வேண்டாம்.

பிள்ளை பெத்தவளுக்கு

இனி, பேச்சு தொடங்கிய இடத்தில் மருமகளுக்காகச் சுறா கேட்ட பெரியம்மாவின் கவலைக்கு வருவோம். கவிச்சி முதலில். சுறா கடலின் உப்பைச் சமாளிக்க உடம்பிலேயே யூரியாவைத் தேக்கி வைக்கிறது, சதையில் ஏறக்குறைய 2 சதவீதம் வரை. செத்தபின் பாக்டீரியா அதை அமோனியாவாக உடைக்கிறது, மூக்கில் ஏறுவது அதுதான். சின்னதுக்கும் பெரியதுக்கும் இது பொது. வாடையைத் தீர்மானிப்பது பிடித்தபின் எவ்வளவு சீக்கிரம் இரத்தம் வடித்து ஐஸில் போட்டார்கள் என்பதுதான். யூரியா தண்ணீரில் கரையும். இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றிக் கழுவி, மஞ்சளும் புளியும் போட்டு அவித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புட்டுக்கு உதிர்ப்பது நம் வீடுகளில் வழிவழியாக வருவது. வேதியியல்படியும் அது அப்பழுக்கில்லாத முறை.

பாதரசத்துக்கு அந்த வைத்தியம் எடுபடாது. மெத்தில் பாதரசம் கொழுப்பில் அல்ல, புரதத்தில் ஒட்டியிருப்பது. அவித்தாலும் பொரித்தாலும் போகாது. தண்ணீர் வற்றுவதால் கிராமுக்குக் கிராம் கொஞ்சம் கூடத்தான் செய்யும். உணவுக்குப் பன்னாட்டுத் தரம் வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு 2018இல் சுறாவுக்கு வைத்த உச்சவரம்பு கிலோவுக்கு 1.6 மில்லிகிராம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அட்டவணையில் சுறாவின் சராசரி 0.979, நெத்திலியின் சராசரி 0.016. அங்கே அளந்தவை பெரிய சுறாக்கள், நம் மேசைச் சுறாவுக்கு அதே எண்ணைப் பொருத்தக் கூடாது. ஆனாலும் கர்ப்பிணியும் பாலூட்டும் தாயும் சுறாவைத் தவிர்க்க வேண்டும் என்ற அவர்கள் அறிவுரை நியாயமானதுதான். 'அப்படியென்றால் குட்டிச் சுறா நல்லதாயிற்றே' என்று இங்கே ஒருவர் கேட்பார். முழுக்க அப்படியும் இல்லை. தாய்ச்சுறா பல ஆண்டு தின்று சேர்த்த பாதரசத்தில் ஒரு பங்கு நஞ்சுக்கொடி வழியே குட்டிக்கு இறங்குகிறது. இறால், சிறுமீன் தின்று சீக்கிரம் முதிரும் சின்ன இனம் ஒன்றும், மேல்மட்ட வேட்டைக்கார இனத்தின் பச்சைக்குட்டியும் இந்த விஷயத்திலும் ஒன்றல்ல.

பால் ஊறுவது குழந்தை எத்தனை தடவை, எவ்வளவு நன்றாக உறிஞ்சுகிறது என்பதைப் பொறுத்தது. தாய்க்குப் புரதம் வேண்டும், அதற்குக் கெம்போங்கும் நெத்திலியும் தாராளம். கெம்போங்கை அவித்து உதிர்த்தாலும் புட்டு வரும், முள் எடுப்பதுதான் வேலை. மாமியார் ஒப்புக்கொள்ள மாட்டார் என்றால், மேசையில் தலையோடு கிடக்கும் ஸ்கோலியோடானைக் காட்டி வாங்குங்கள், தொப்புள் திறந்ததைத் தொடாதீர்கள்.

தலை இல்லாத சுறா

தலையோடு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. தலையும் துடுப்பும் போய், தோலுரித்த கட்டையாக வந்தால் மேலே சொன்ன அடையாளம் ஒன்றுகூட மிஞ்சாது. சட்டமோ அடையாளத்தை நம்பியே நிற்கிறது. அருகிவரும் மீனினங்களுக்கான 1999ஆம் ஆண்டு விதிமுறைகளில் 2019இல் செய்த திருத்தம், பெரிய கொம்பன், நெற்றி நடுவே வெட்டில்லாத கொம்பன், தலையகலம் உடம்பு நீளத்தில் கிட்டத்தட்டப் பாதி வரும் அகலத்தலைக் கொம்பன் மூன்றையும் பாதுகாக்கிறது. அதிகமாக இறங்கும் அலைநெற்றிக் கொம்பன் அந்தப் பட்டியலில் இல்லை. அதன் ஏற்றுமதியைத்தான் 2014இலிருந்து சைட்டிஸ் என்ற, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்துக்கான ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பு கட்டுப்படுத்துகிறது. ஆக, நெற்றியைப் பார்த்தால் ஒன்று குற்றம், மற்றது வியாபாரம். நெற்றி இல்லையென்றால் இரண்டும் வெறும் கறித்துண்டு.

அங்கேதான் டிஎன்ஏ வருகிறது. தோல்மேல் படாமல், உள்சதையிலிருந்து ஒரு பச்சைப்பயறு அளவு போதும். அதிகம் எடுத்தால் நல்லது என்று கட்டை விரல் அளவு திணிப்பவர்கள்தான் மாதிரியைக் கெடுக்கிறார்கள். சதையிலுள்ள நீர் ஆல்கஹாலை நீர்த்துப்போகச் செய்து, நடுப்பகுதி அழுகிவிடும். 95 சதவீத எத்தனால், சதையைப்போல் பத்து மடங்கு, மறுநாள் ஒருமுறை மாற்ற வேண்டும். ஃபார்மலின் கூடாது, டிஎன்ஏவைச் சிதைத்துவிடும். ஒரு மீனுக்கும் அடுத்ததுக்கும் நடுவே கத்தரியைத் துடைத்தால் போதாது, பிளீச்சில் நனைத்து அலச வேண்டும், இல்லாவிட்டால் முந்திய மீனின் பெயர் அடுத்ததற்கு வரும். வெட்டுவதற்கு முன் எண் சீட்டையும் சேர்த்து ஒரு படம். குப்பிக்குள் போடும் சீட்டில் பென்சிலால் மட்டுமே எழுத வேண்டும், பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும். ஆய்வுக்கூடத்தில், இனத்தை அடையாளம் காண உதவும் சிஓஐ மரபணுவின் ஏறக்குறைய 650 எழுத்தைப் படித்துப் பொதுத் தரவுத்தளத்தோடு ஒப்பிடுவார்கள். கொம்பன்களை அது சுத்தமாகப் பிரித்துவிடும், கருநுனிச் சுறாக் கூட்டத்தில் சில இனங்களைப் பிரிக்காது. கருவாடும் வெந்த கறியும் என்றால் முழுநீளம் கிடைப்பது கஷ்டம், குட்டை வரிசைக்குத் தனி முறை உண்டு.

வெளிநாட்டில் சீக்வென்சிங் (டிஎன்ஏ எழுத்துகளைப் படிப்பது) மலிவு என்று குப்பியைத் தபாலில் அனுப்பிவிடாதீர்கள். பட்டியலில் உள்ள இனமாக இருந்தால் அந்தப் பச்சைப்பயறளவு சதைக்கும் சைட்டிஸ் அனுமதி வேண்டும். 2022 பனாமா மாநாட்டுக்குப் பிறகு சொர்ரா, ரைசோபிரியோனோடான், ஸ்கோலியோடான் உட்பட அந்தக் குடும்பம் முழுவதுமே இரண்டாம் இணைப்பில் வந்துவிட்டது. மேசையில் கிடக்கும் நான்கில் மூங்கில் சுறா ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் இப்போது அதற்குள் அடக்கம். என்ன இனம் என்று தெரியாததால்தானே அனுப்புகிறோம் என்ற வாதம் சுங்கத்தில் எடுபடாது. முதல் குப்பியை நிரப்புவதற்கு முன்பே உள்ளூர்ப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்றோடு பேசி, மீன்வளத் துறைக்கும் ஒரு கடிதம் கொடுத்துவிட்டுத் தொடங்குவது நல்லது.